இரட்டைச் சூரியன்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

இரட்டை விண்மீன்களைச் சுற்றும் கோள்களைப் பற்றிச் சில நாட்களாகப் படித்து வருகிறேன். அத்தகைய கோளில் இரவு என்று ஒன்று உண்டா, அங்கே உயிர்கள் வாழ முடியுமா என்று அறிய விரும்புகிறேன். ஆனால் படிக்கப் படிக்கச் சலிப்பும் வருகிறது. இக்கோள்களை எவரும் கண்டதில்லை. விண்மீனின் ஒளி சற்றே குறைவதை வைத்துக் கோள் இருக்கிறது என்கிறார்கள். அந்தக் குறைவுகள்கூடச் சீரான இடைவெளியில் வருவதில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். இது வெறும் ஊகம்தானே? இதற்கு ஏன் இத்தனை கொண்டாட்டம்?

க.

அன்புள்ள க.,

இரவு உண்டு. கெப்ளர்-16 பி என்னும் கோளின் வானில் அதன் இரு சூரியன்களும் ஏறத்தாழ 20 பாகை அளவுக்கே விலகித் தெரியும். ஆகவே ஒன்றையடுத்து மற்றொன்றாக இரண்டும் மறைந்துவிடும். உயிர்களைப் பொறுத்தவரை, கெப்ளர்-47 சி என்னும் கோள், நீர் நீராகவே இருக்கத்தக்க தொலைவாகிய வாழ்தகு மண்டலத்தில் இருந்தாலும் நெப்டியூனைவிடப் பெரியது. அங்கே காலூன்ற நிலம் இருக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. எவரும் கண்டதில்லை என்பதும் சரியன்று. சென்டாரஸ் விண்மீன் குழுவிலுள்ள ஓர் இரட்டையைச் சுற்றும் பெருங்கோளைச் சிலியிலுள்ள தொலைநோக்கியால் நேரடியாகப் படம்பிடித்து 2021இல் வெளியிட்டார்கள்.

உங்கள் மூன்றாவது கேள்வியைத்தான் என்னால் எளிதில் கடந்து செல்ல முடியவில்லை. நானே சில காலமாக எண்ணிக்கொண்டிருந்த ஒன்றை அது தொட்டுவிட்டது. சீரான இடைவெளி இல்லை என்பதையே குற்றச்சாட்டாக வைக்கிறீர்கள். ஏன் இல்லை என்று ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து யோசித்திருந்தால் இவ்வரியை எழுதியிருக்க மாட்டீர்கள். ஐயப்படுவது நல்லது, ஆனால் ஐயப்பட்டவர் அதன்பின் செய்தாக வேண்டிய உழைப்பை நீங்கள் செய்யவில்லை.

தனி விண்மீனைச் சுற்றும் கோள் அதன் முகத்தைக் குறித்த காலத்தில் தவறாமல் கடக்கும். இரட்டையில் அப்படி நடக்க வழியே இல்லை. கெப்ளர்-16இன் இரு விண்மீன்களும் தங்கள் பொது ஈர்ப்பு மையத்தை 41 நாளுக்கு ஒருமுறை சுற்றி வருகின்றன. கோளும் வெளியே நின்று அதே மையத்தைச் சுமார் 229 நாளில் சுற்றுகிறது. கோள் நம் பார்வைக்கோட்டை நெருங்கும்போது பெரிய விண்மீன் மையத்துக்கு இந்தப் பக்கம் இருந்தால் கடப்பு முந்தும், அந்தப் பக்கம் இருந்தால் பிந்தும். அடுத்தடுத்த கடப்புகளுக்கிடையே ஒருமுறை சுமார் 230 நாளும் மறுமுறை சுமார் 221 நாளும் இருந்தன. விண்மீனும் கோளும் ஒரே திசையில் நகர்ந்தால் கடப்பு நீளும், எதிரெதிராக நகர்ந்தால் சட்டென்று முடியும். அந்தந்த நாளில் விண்மீன் எங்கே இருந்தது என்பதோ கோளைச் சாராமல், அவ்விரு விண்மீன்களும் ஒன்றையொன்று மறைக்கும் கிரகண நேரங்களிலிருந்தே தெரிந்துவிடுகிறது. இவ்விரண்டு கணக்குகளும் ஒத்துப்போகின்றன. பின்னணியில் எங்கோ இருக்கும் வேறொரு விண்மீனோ, மேற்பரப்பிலுள்ள கரும்புள்ளியோ இந்த இரட்டையின் அசைவுக்கு ஏற்பத் தன் நேரத்தை மாற்றிக்கொள்ளாது. கோளின் ஈர்ப்பு அக்கிரகண நேரங்களைச் சிறிது இழுத்து நகர்த்துவதால் அதன் நிறையும் கிடைக்கிறது. சனியின் நிறையைச் சற்றே விஞ்சும் நிறை அது. அதன் ஆரமோ ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான பிழையோடு அளக்கப்பட்டிருக்கிறது. கடப்புகள் கடிகாரம்போல் வந்திருந்தால்தான் வானியலாளர் லாரன்ஸ் டாயிலும் அவருடைய குழுவினரும் 2011இல் அக்கோளை இரட்டை விண்மீனுக்கு உரியதென்று அறிவித்திருக்க முடியாது.

எனக்கு இந்த வகைச் சான்றின்மீது பற்று வந்தது இளமையில். வானம் பார்க்கக் கற்றுக்கொடுத்த மூத்தவர் ஒருவர் அல்கால் என்னும் விண்மீனைச் சுட்டிக்காட்டி, அருகிலுள்ள விண்மீன்களோடு ஒப்பிட்டு அதன் ஒளியை ஒவ்வொரு நாளும் எழுதிவரச் சொன்னார். அது ஏன் மங்குகிறது என்று எத்தனை கேட்டும் அவர் சொல்லவில்லை. குறிப்பேட்டின் பக்கங்கள் நிறைந்த பிறகு, மங்கிய இரவுகளை மட்டும் தனியே எடுத்து இடைவெளியைக் கண்டுபிடி என்றார். மூன்று நாளுக்குச் சற்றே குறைவான கால அளவு ஒன்று எண்களுக்குள்ளிருந்து எழுந்து வந்தபோது, கண்ணுக்குத் தெரியாத ஓர் உடல் அந்த ஒளிக்கு முன்னால் போய்வருவதை நான் அறிந்துகொண்டேன். அதற்கு முன் நான் படித்த வானியல் முழுவதையும்விட அந்த ஒரு பக்கம் எனக்குப் பெரிதாக இருந்தது. பிறகுதான் அவர் ஜான் குட்ரிக்கைப் பற்றிச் சொன்னார். காது கேளாத அந்த இளைஞர் தம் 18ஆம் வயதில், 1783இல், அல்காலின் கால அளவைக் கணித்து, பெரிய உடல் ஒன்று அதைச் சுற்றிவந்து மறைக்கக்கூடும் என்றும், அன்றேல் அதன் முகத்தின் ஒரு பகுதி இருண்டிருக்கக்கூடும் என்றும் எழுதினார். இரண்டில் எது என்று தெரிவதற்குள், 21 வயதிலேயே இறந்துபோனார். 1889இல் ஜெர்மன் வானியலாளர் ஹெர்மன் ஃபோகல், ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலையின் வழியே அது இரட்டை விண்மீன் என்று நிறுவினார். குட்ரிக் எழுதியதையும் அவர் காலத்தில் உங்களைப் போன்ற எவரேனும் ஊகம் என்று ஒதுக்கியிருப்பார்.

ஒன்றைக் கடுமையாகவே சொல்கிறேன். சீரான இடைவெளியைத் தேடுமாறு எழுதப்பட்ட மென்பொருள்களுக்கு இத்தகைய கோள்கள் எளிதில் அகப்படுவதில்லை, அவையும் உங்களைப்போலவே ஒழுங்கில்லை என்று கடந்துவிடுவதால். 2012இல் அறிவிக்கப்பட்ட பிஎச்1 என்னும் இவ்வகைக் கோளைத் தன்னார்வலர்கள் விண்மீன் ஒளியின் வரைபடங்களைக் கண்ணால் பார்த்தே கண்டெடுத்தார்கள். கோள்களைத் தேடும் நாசாவின் டெஸ் விண்கலத்தின் தரவில் இவ்வகையில் முதலாவதான டிஓஐ-1338 பி, 2019இல் நாசாவின் ஓர் ஆய்வு மையத்தில் பயிற்சிக்கு வந்திருந்த 17 வயது மாணவரின் கண்ணில் பட்டது. அவர்கள் வரைபடத்தில் ஒளி குறையும் இடத்தில் பொருந்தாத ஒரு பள்ளத்தைக் கண்டதும் சலிப்படையாமல் அங்கேயே நின்றார்கள். நீங்களும் நிற்கக்கூடியவர்தான், இரவு உண்டா என்று கேட்டவருக்கு அந்தக் கண் இருக்கிறது.

கெப்ளர்-16 பியின் சுற்றுத்தளம் மெல்லத் திரும்பிக்கொண்டிருப்பதால், பெரிய விண்மீனின் முகத்தை அது கடப்பது நம் பார்வைக்கு 2018இல் நின்றுபோகும் என்றும், 2042 அளவில் மீண்டும் தொடங்கும் என்றும் 2011ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே கணக்கிட்டுச் சொல்லிவிட்டார்கள். இடையில் 2022இல், பிரான்சின் ஓட் புரோவான்ஸ் ஆய்வகத்தில் 193 சென்டிமீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு, கடப்புகளின் உதவியே இல்லாமல், விண்மீனின் அசைவை மட்டும் அளந்து அதே கோளை மீண்டும் கண்டறிந்தார்கள். ஊகம் என்று எழுதுமுன் இந்த இரண்டு ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் படியுங்கள். அல்காலையும் குறித்துவரத் தொடங்குங்கள். அதன் கால அளவு உங்கள் குறிப்பேட்டிலிருந்தே கிடைத்த பிறகு எனக்கு எழுதுங்கள்.