கலாபகோஸ் கட்டணம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஈக்வடார் நாட்டின் கலாபகோஸ் தீவுகளுக்கான நுழைவுக் கட்டணம் இரட்டிப்பானதை வரவேற்று நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். எனக்கு உடன்பாடில்லை. டார்வின் கால் வைத்த இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நாங்கள் நால்வர். பிள்ளைகள் இருவரும் 12 வயதுக்குக் கீழ். தீவில் இறங்கியதும் 600 டாலர் எடுத்துவைக்க வேண்டும். 2024 ஜூலைவரை இதில் பாதிதான். இயற்கை எல்லோருக்கும் பொது என்று எழுதுகிறவர் நீங்கள். பணம் உள்ளவன் மட்டும் பார்க்கலாம் என்றால் அது தேசியப் பூங்காவா, கிளப்பா? அந்த நாட்டுக்காரருக்கு 30 டாலர், எனக்கு 200 என்பது எந்த ஊர் நியாயம்? வாங்குகிற பணமாவது ஆமைக்குப் போகிறதா, அரசியல்வாதியின் பைக்குப் போகிறதா? போகத்தான் வேண்டுமா என்று யோசிக்கிறேன்.

செ.,
டல்லாஸ்

அன்புள்ள செ.,

கோபத்தை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். நல்லது. முதலில் விலையைப் பார்ப்போம்.

100 டாலர் என்பது 1998-ல் கலாபகோஸ் சிறப்புச் சட்டத்தோடு வந்த விலை. பிறகு 26 ஆண்டுகள் அதை யாரும் தொடவில்லை. அமெரிக்க விலைவாசிக் கணக்கில் அன்றைய 100 டாலர் 2024-ல் ஏறக்குறைய 190 டாலர். ஆக, 2024 ஆகஸ்ட் 1 முதல் வாங்கும் 200 டாலர் பழைய விலைதான். இடையில் போனவர்கள் ஆண்டுக்கு ஆண்டு மலிவாகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். இதே காலத்தில் வருவோர் எண்ணிக்கை ஆண்டுக்குச் சுமார் 65 ஆயிரத்திலிருந்து ஏறி, 2023-ல் 3 லட்சத்து 30 ஆயிரத்தைத் தொட்டுவிட்டது.

வெளிநாட்டவருக்குத் தனி விலை என்பதில் நமக்குக் கோபப்படும் உரிமை குறைவு. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கு நமக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. பதினைந்து மடங்கு. அந்தக் கவுண்டரில் டிக்கெட் வாங்கிய எந்தத் தமிழரும் இதற்காக வருந்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை. கலாபகோஸில் நாம் வேறு வரிசையில் நிற்கிறோம், அவ்வளவுதான்.

எனக்கு உறுத்துவது அந்த 30 டாலர். ஈக்வடார் குடிமக்களுக்கு இது 6 டாலராக இருந்தது. உங்களுக்கு இரண்டு மடங்கு ஏறியது, அவர்களுக்கு ஐந்து மடங்கு ஏறியது. 2024-ல் அந்நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 460 டாலர். தலைநகர் கிட்டோவில் கடைச் சிப்பந்தியாக இருக்கும் ஒருவர் மனைவியோடு தன் நாட்டுத் தீவைப் பார்க்க விமானக் கட்டணம் போக 60 டாலர் தர வேண்டும். கிளப் என்ற உங்கள் சொல்லை அவர் சொன்னால் என்னிடம் பதில் இல்லை. டல்லாஸிலிருந்து விமானம், விடுதி, படகு, வழிகாட்டி என்று பல ஆயிரம் டாலர் செலவழித்துப் போகும் உங்களை 200 டாலர் தடுத்து நிறுத்தாது. அதிகம் போனால் முணுமுணுக்க வைக்கும்.

அதனாலேயே, கட்டணத்தை ஏற்றினால் கூட்டம் குறையும் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. கூட்டத்தைக் குறைக்க வேண்டுமானால் தலையை எண்ண வேண்டும். ஆஸ்திரேலியாவின் லார்டு ஹோவ் தீவில் ஒரே நேரத்தில் 400 பயணிகளுக்கு மேல் தங்க முடியாது. கலாபகோஸில் பயணக் கப்பல்களின் படுக்கைகளுக்கு வரம்பு உண்டு. ஒரு வழிகாட்டிக்கு 16 பேர் என்ற விதியும் உண்டு. ஆனால் ஊருக்குள் விடுதிகள் பெருகியபோது அந்த வரம்பு வேலை செய்யவில்லை. கட்டணத்தை நான் ஆதரிப்பது ஆளைத் தடுக்கும் என்பதற்காக அல்ல, அது செய்யவைக்கும் வேலைக்காக.

அது என்ன வேலை என்று சொல்ல ஓர் எரிமலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கலாபகோஸின் இசபெலா தீவில் உள்ள அல்சேடோ. குளிர்ந்த மாதங்களில் அதன் உச்சியில் பனிமூட்டம் படியும். மரங்களின் இலையும் பாசியும் அந்த ஈரத்தைப் பிடித்துச் சொட்டுச்சொட்டாகக் கீழே விடும். அடியில் சிறு குட்டைகள் உண்டாகும். ராட்சத ஆமைகள் அந்தக் குட்டைகளில் நீர் குடித்து, சேற்றில் கிடந்து வாழ்ந்தன. பிறகு, மனிதர் கொண்டுவந்து விட்ட ஆடுகள் அங்கே பெருகின. மரத்தை ஆடு தின்றது, சொட்டு நின்றது, குட்டை வறண்டது. ஆமையை யாரும் தொடக்கூட இல்லை.

1997-ல் தொடங்கி 2006 வரை நடந்த இசபெலா திட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகளைச் சுட்டு ஒழித்தார்கள். கடைசியில் மிஞ்சியவை கண்ணில் படாமல் ஒளிந்தன. ஆடு தனியாக இருக்காது என்று தெரிந்தவர்கள், சில ஆடுகளைப் பிடித்துக் கருத்தடை செய்து, கழுத்தில் ரேடியோ பட்டை கட்டித் திரும்ப விட்டார்கள். அது தன் கூட்டத்தைத் தேடிப் போகும், ஹெலிகாப்டர் அதைத் தேடிப் போகும். யூதாஸ் ஆடு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கொடூரம்தான். வேறு வழி எனக்கும் தெரியவில்லை.

ஆட்டை ஒழிக்கும் திட்டத்துக்குப் பன்னாட்டு நிதி கிடைத்தது. அதில் கதை உண்டு, படம் எடுக்கலாம், முடிந்தது என்று அறிக்கை தரலாம். விமான நிலையத்தில் உட்கார்ந்து பெட்டிகளைச் சோதிப்பவருக்கு எந்தக் கொடையாளரும் முப்பது ஆண்டுகள் சம்பளம் தரமாட்டார். ஆனால் தீவைக் காப்பது பெரும்பாலும் அவர்தான். அவர் கண்ணில் படாமல் ஒரு பூச்சி நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஃபிலோர்னிஸ் என்ற ஒட்டுண்ணி ஈ ஒன்று போதும். வெளியிலிருந்து வந்த ஈ அது. குருவிக் கூட்டில் முட்டையிடும். பொரிந்த புழுக்கள் குஞ்சின் மூக்குத் துளைக்குள் நுழையும். வளர்ந்த பின் கூட்டின் அடியில் பகலைக் கழித்து, இரவில் ஏறி வந்து குஞ்சின் ரத்தத்தைக் குடிக்கும். அலையாத்திக் காட்டில் வாழும் ஃபிஞ்ச் குருவி உலகில் சுமார் நூறுதான் மிஞ்சியிருக்கிறது. அதைக் காப்பாற்ற மரத்தின் உச்சியில் இருக்கும் கூடுகளுக்கு ஏறி, அடியில் பூச்சிமருந்து செலுத்துகிறார்கள். ஒரு வருடம் விட்டால் போச்சு. இந்த மாதிரி முடிவே இல்லாத வேலைக்கு முடிவே இல்லாத வருமானம் வேண்டும். அது பயணியிடமிருந்துதான் வர முடியும்.

ஒரு பயணத்துக்கு ஒரு கட்டணம் என்ற முறையும் எனக்குச் சரியாகவே படுகிறது. பிரேசிலின் பெர்னாண்டோ டி நொரோன்யா தீவில் நாள் கூடக்கூட வரி ஏறும். குடிநீரும் குப்பையும் பெரும் கவலையாக உள்ள சிறு தீவுக்கு அது பொருந்தலாம். கலாபகோஸுக்கு ஆபத்து ஒவ்வொரு விமானத்திலும் ஒவ்வொரு பெட்டியிலும் வருகிறது. நான்கு நாளில் ஓடிவருகிறவர் மூவரைவிட, பன்னிரண்டு நாள் தங்குகிற ஒருவர் தீவுக்கு நல்லவர்.

பணம் எங்கே போகிறது என்று கேட்டீர்கள். 1998-க்கு முன் பெரும்பகுதி தலைநகரத்துக் கருவூலத்துக்குப் போனது. இப்போது தேசியப் பூங்கா, நகராட்சிகள், தீவுகளின் ஆளுகைக் குழு, உயிர்ப்பாதுகாப்பு முகமை என்று சட்டமே பங்கு பிரிக்கிறது. நகராட்சிக்கு ஏன் என்று கேட்காதீர்கள். தீவுகளின் பெரிய ஊரான புவேர்த்தோ அயோராவில் குழாயில் வருவது உப்புக் கரிக்கும் தண்ணீர். சாக்கடை சரியில்லாத ஊரின் கழிவு போய்ச் சேரும் கடலில்தான் இகுவானாப் பல்லிகள் மேய்கின்றன. பங்கு பிரித்தபின் ஒவ்வொரு டாலரும் ஒழுங்காகச் செலவாகிறதா என்பது தனிக் கேள்வி. அந்தக் கணக்கை ஆண்டுதோறும் வாசலிலேயே எழுதி ஒட்ட வேண்டும் என்பதில் நான் உங்கள் பக்கம்.

ஏற்றுகிற விதத்திலும் விஷயம் இருக்கிறது. இந்தோனேசியாவில் 2022-ல், ராட்சத உடும்புகள் வாழும் கொமோடோ தீவுக்கான கட்டணத்தை ஒரேயடியாக 37.5 லட்சம் ரூபியாவாக, சுமார் 250 டாலராக, உயர்த்துவதாக அறிவித்தார்கள். அங்கே படகு ஏறும் ஊரான லபுவான் பாஜோவில் படகுக்காரர்களும் வழிகாட்டிகளும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முதலில் தள்ளிவைத்து, வருடக் கடைசியில் கைவிட்டார்கள். அங்கே உடும்பைக் காட்டிப் பிழைப்பவரிடம் யாரும் முறையாகப் பேசவில்லை. கலாபகோஸில் பல மாதம் முன்னதாகவே, பிப்ரவரியில், அறிவித்துவிட்டார்கள்.

போங்கள். ஆனால் ஒரே பயணமாக, நிறைய நாள் தங்கும்படி போங்கள். பிள்ளைகளின் ஷூவை அடிமண் போகத் தேய்த்துக் கழுவுங்கள். பையில் பழமோ விதையோ இருக்கக் கூடாது. கட்டணத்தை ரொக்கமாக வைத்துக்கொள்வது உத்தமம். சண்டை போட வேண்டும் என்று தோன்றினால் பால்ட்ரா விமான நிலையக் கவுண்டரில் வேண்டாம். அங்கே உட்கார்ந்திருப்பவர் விலை வைத்தவர் அல்ல. திரும்பி வந்து எனக்கு எழுதுங்கள்.