மனநல அவசரத்துக்கு கவர்மென்ட் பணம் எங்க இருக்குதுங்க?

காங்கயம் பக்கத்துல இருந்து ஒரு அம்மிணி கேட்டிருக்காங்க. கொழுந்தனுக்கு 26 வயசு, மூணு நாளாத் தூக்கமே இல்லாம, ஆரோ கொல்ல வர்றாங்கன்னு ராத்திரி ஒரு மணிக்கு ரோட்டுக்கு ஓடிட்டாராம். வாடகை கார் புடிச்சு கோயமுத்தூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனா அட்வான்ஸே 40 ஆயிரம் கேட்டிருக்காங்க, எருமைய வித்துக் கட்டிருக்காங்க. "இதுக்கு கவர்மென்ட் பணம் ஏதாச்சும் வருதுங்களா, எங்க அப்ளை பண்றது?"ங்கறதுதான் கேள்வி.

பணம் வருது அம்மிணி, ஆனா உங்க கைக்கு வராது. மாவட்ட மனநலத் திட்டம்னு ஒண்ணு 1996ல நாடு முழுக்கச் சேத்து 4 மாவட்டத்துல ஆரம்பிச்சது, இப்ப அதுக்குன்னு ஒரு மாவட்டத்துக்கு வருசம் 83.2 லட்சம் வரைக்கும் ஒதுக்கலாம், மத்திய அரசு 60 பங்கு மாநிலம் 40 பங்கு. அந்தக் காசு டாக்டர் சம்பளமா, மாத்திரையா, வண்டிக்கு டீசலாத்தான் ஊருக்குள்ள வருது. அதனால அப்ளிகேஷன் தேடி அலையாதீங்க, ஓபி சீட்டு வாங்குங்க. திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்குது, பெருந்துறைல ஈரோடு மருத்துவக் கல்லூரி இருக்குது, ரெண்டுலயும் மனநலப் பிரிவு உண்டு.

சரி, நடு ராத்திரில என்ன பண்றது? இங்கதான் நம்ம சனம் ஏமாறுது. 108க்கு போன் பண்ணா "மனநோயாளிக்கெல்லாம் வண்டி வராது"ன்னு ஆரோ சொல்லிக் குடுத்துர்றாங்க, அது பொய்யுங்க. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017ல 21வது பிரிவு, ஒடம்புக்கு முடியாதவங்களுக்கு ஆம்புலன்ஸ் எப்படியோ அப்படியேதான் இவங்களுக்கும்னு சொல்லுது. அடுத்து 94வது பிரிவு, இத மனப்பாடமே பண்ணி வெச்சுக்கோங்க. உசுருக்கு ஆபத்து, இல்லாட்டி தன்னையோ அடுத்தவங்களையோ காயப்படுத்திருவாங்கங்கற நிலைமைன்னா, பதிவு பெற்ற எந்த டாக்டரும் 72 மணி நேரம் வரைக்கும் அவசர சிகிச்சை குடுக்கலாம், மனநல டாக்டராவே இருக்கோணும்னு இல்ல. அதனால தாலுகா ஜிஎச்ல "எங்ககிட்ட அந்த டாக்டர் இல்லைங்க"ன்னாங்கன்னா, ஊசி போட்டு அமைதிப்படுத்தி 108லயே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வையுங்கன்னு தன்மையா ஆனா அழுத்தமாக் கேளுங்க. வண்டி வர்ற வரைக்கும் டெலிமானஸ்ங்கற அரசு மனநல உதவி போன் 14416ல பேசுங்க, 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசுவாங்க.

கட்டுன 40 ஆயிரம் திரும்பி வருமான்னா, லேசுல வராதுங்க. மாவட்டத்துல குறைஞ்சபட்ச மனநல சேவை கூட இல்லைன்னா அதே மாவட்டத்துக்குள்ள வேற ஆஸ்பத்திரில பாத்த செலவ அரசு ஏத்துக்கோணும்னு அதே சட்டத்தோட 18வது பிரிவுல இருக்குது, ஆனா திருப்பூர்ல ஆஸ்பத்திரிய வெச்சுக்கிட்டு அத வாதாடி ஜெயிக்கறது கஷ்டம். மில்லுல வேலை பாக்கறவர்னா இஎஸ்ஐ இருக்குதான்னு மொதல்ல பாருங்க, தனியார் இன்சூரன்ஸ் இருந்தா மனநோய்க்கும் ஒடம்பு நோய்க்கும் ஒரே மாதிரி கவர் குடுக்கோணும்னு சட்டமே இருக்குது, ஏஜென்ட் தலையாட்டலைன்னா எழுத்துல பதில் கேளுங்க.

என்னோட மனக்குறை ஒண்ணு சொல்லிர்றேன். இந்தப் பணம் பெரும்பாலும் பகல் ஓபிக்கே கரைஞ்சிருது, நோவு மட்டும் ராத்திரிலதான வருது. கிராம சபைல சாக்கடை, தெருவிளக்குன்னு பேசறப்போ இதையும் பேசுங்க, அடுத்தது எப்ப வருதுன்னு பஞ்சாயத்து ஆபீஸ்ல கேட்டுக்குங்க, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் வழக்கமா நடக்கற நாள்தான். "மனநலத்துக்கு நிதி குடுங்க"ன்னு பொதுவாப் போட்டா தீர்மானம் ஃபைல்லயே தூங்கும். நம்ம ஜிஎச்சுக்கு மாவட்ட மனநலக் குழு எந்தக் கிழமை வருது, ராத்திரி டியூட்டிக்கு அந்த ஊசி ஸ்டாக் இருக்குதா, இந்த ரெண்டையும் எழுதிப் போட்டு மாவட்டத்துல அரசு ஆஸ்பத்திரிகளைப் பாத்துக்கற மருத்துவ இணை இயக்குநருக்கு அனுப்பச் சொல்லுங்க.

இப்ப கொழுந்தன் தெளிவா இருக்கறாருன்னா ரெண்டு வேலை பண்ணிருங்க. அவருக்காக முடிவெடுக்கற ஆளா ஆர வெக்கறதுன்னு அவரு கைப்பட வெள்ளைப் பேப்பர்ல எழுதி கையெழுத்துப் போட்டு, அந்த ஆளோட சம்மதத்தையும் வாங்கி வெச்சுக்குங்க, முத்திரைத்தாளெல்லாம் வேண்டாம். பொறகு தனியார்ல குடுத்த டிஸ்சார்ஜ் சம்மரிய ஜெராக்ஸ் எடுத்துட்டு திருப்பூர் ஓபில காட்டுங்க, மாத்திரை தீர்றதுக்கு ஒரு வாரம் முன்னாலயே போயிருங்க.