2000 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஃபுளோரிடா மாநிலம் உண்மையில் யாருக்கு வாக்களித்தது?

சான்றளிக்கப்பட்ட கணக்கின்படி குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷுக்குத்தான். அவர் பெற்றது 29,12,790. ஜனநாயகக் கட்சியின் அல் கோர் பெற்றது 29,12,253. ஏறத்தாழ அறுபது லட்சம் பேர் வாக்களித்த மாநிலத்தில், ஒரு கல்யாண மண்டபத்துக்குள் அடங்கிவிடும் அந்த 537 பேரின் வித்தியாசமே அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களில் மாநிலத்துக்கு உரிய 25 பேரின் வாக்குகளையும் மொத்தமாக ஒரே பக்கம் தள்ளியது. நாடு முழுவதும் கோர் ஐந்து லட்சத்துக்கும் மேல் கூடுதல் வாக்குகள் பெற்றிருந்தும், 271 தேர்வாளர்களுடன் புஷ் அதிபரானார்.

யாருக்கு வாக்களிக்க நினைத்தது என்று கேட்டால் என் பதில் வேறு. பலர் 97,000க்கும் மேற்பட்ட வாக்குகளைப் பிரித்த பசுமைக் கட்சி வேட்பாளர் ரால்ப் நேடரைக் குறை சொல்வார்கள்; நான் ஃபுளோரிடாவின் பாம் பீச் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) வாக்குச்சீட்டைச் சொல்வேன். முதியவர்கள் அதிகம் வாழும் பகுதி என்பதால் எழுத்துகள் பெரிதாக இருக்கட்டும் என்று, வேட்பாளர் பெயர்களை இடமும் வலமுமாக இரு பக்கங்களில் அச்சிட்டு, வாக்களிக்கத் துளையிடும் இடங்களை நடுவில் ஒரே வரிசையாக வைத்தார்கள். இடப்பக்கத்தில் முதலில் புஷ், அடுத்து கோர். ஆனால் இரண்டாவது துளையோ வலப்பக்கத்தில் இருந்த சீர்திருத்தக் கட்சி வேட்பாளர் பேட் புக்கானனுக்கு உரியது, கோருக்கு மூன்றாவது. அந்தச் சீட்டின் படத்தை முதன்முறை பார்த்தபோது நானும் இரண்டாவது துளையில்தான் விரலை வைத்தேன்.

அங்கே புக்கானனுக்கு 3,400க்கும் மேல் விழுந்தது. அவற்றில் பெரும்பகுதி தமக்கு உரியதல்ல என்று அவரே ஒப்புக்கொண்டார். தவறை உணர்ந்து கோருக்கும் சேர்த்துத் துளையிட்டவர்களின் சீட்டுகள், ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்டவை, செல்லாதவையாயின.

அதன்பின் நடந்த மறு எண்ணிக்கையில், துளையிட்டும் முழுதாக அறுந்து விழாமல் ஓரத்தில் தொங்கிய காகிதத் துணுக்குகளை அதிகாரிகள் பூதக்கண்ணாடியில் ஆராய்ந்த காட்சியை உலகமே பார்த்தது. டிசம்பர் 12 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் மறு எண்ணிக்கையை முடித்து வைத்தது. 2001இல் செய்தி நிறுவனங்கள் கூட்டாக நடத்திய ஆய்வு, மாநிலம் முழுவதும் செல்லாதவையென ஒதுக்கப்பட்ட எல்லாச் சீட்டுகளையும் பரிசீலித்திருந்தால் கோர் மயிரிழையில் முந்தியிருப்பார் என்றது. ஆனால் கோர் தரப்பு கைமுறை எண்ணிக்கை கேட்டதோ நான்கு கவுண்டிகளில் மட்டும், அதன்படி எண்ணியிருந்தாலும் புஷ்ஷே வென்றிருப்பார். பாம் பீச்சில் கோர், புக்கானன் இருவருக்கும் துளை விழுந்த சீட்டுகளையோ எந்த எண்ணிக்கையாலும் மீட்டிருக்க முடியாது.