ரயில் கேள்வி–பதில்: டிரெயின் ஆர்டரும் கைப் பாயின்ட்டும்

கேள்வி: அமெரிக்காவின் ஒற்றைப் பாதைகளில் முன்பு, ரயில் எப்படிப் போக வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் 'டிரெயின் ஆர்டர்' முறை இருந்ததாமே? ஸ்டேஷன் கைகாட்டி 'போகலாம்' என்றால் முன்னால் பாயின்ட் (ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் அமைப்பு) சரி, பாதை காலி என்று பொருளா?

பதில்: இரண்டுமே இல்லை. அந்தக் கைகாட்டிக்கும் பாயின்ட்டுக்கும் தொடர்பே கிடையாது. 'உங்களுக்கு இங்கே ஆர்டர் எதுவும் இல்லை' என்பது மட்டுமே அதன் பொருள்.

பாதை யாருக்கு என்பதை டைம்டேபிளும், அதை மாற்றும் ஆர்டரும் தீர்மானித்தன. தந்தி மூலம் ரயிலை நடத்தும் வழக்கம் 1851இல் ஈரி ரயில்வேயில் தொடங்கியது. ரயில்களின் போக்கைத் தீர்மானிக்கும் டிஸ்பாட்சர் தந்தியில் சொல்வதை ஒவ்வொரு ஸ்டேஷன் ஆபரேட்டரும் எழுதிக்கொண்டு, சொல் பிசகாமல் திருப்பிச் சொல்வார். ஒத்திருந்தால் 'கம்ப்ளீட்' என்ற சொல்லும் நேரமும் கிடைக்கும். அதன்பிறகே ஆர்டர் செல்லும். ஆர்டர் எழுதும் படிவங்களில் 31ஆம் படிவத்துக்கு ரயில்காரர்களின் கையெழுத்து வேண்டும், எனவே ரயில் நிற்கும். 19ஆம் படிவத்தை ஓடும் ரயிலுக்கே வளையத்தில் மாட்டி நீட்டுவார்கள். ஆபரேட்டர் சிக்னலை 'ஸ்டாப்'பில் வைக்க மறந்தால் போதும்: ரயில் ஆர்டர் வாங்காமலே கடந்துவிடும், எதிரே இன்னொன்று வந்துகொண்டிருக்கும்.

பாயின்ட் ரயில்காரர்கள் கையில்தான். இரண்டு ரயில்கள் சந்திக்கும் இடத்தில் முன்னுரிமை குறைந்த ரயில் பக்கத் தடமான லூப்பில் ஒதுங்கும். ரயிலில் வரும் பணியாளரான பிரேக்மேன் இறங்கி, பூட்டைத் திறந்து நெம்புகோலைத் திருப்புவார். கடைசிப் பெட்டி உள்ளே வந்ததும் பழையபடி மெயின் லைனுக்குத் திருப்பி, பாயின்ட்டின் நகரும் நாக்குத் தண்டவாளம் இடைவெளியின்றி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துப் பூட்ட வேண்டும். நேரத்துக்குள் ஒதுங்க முடியாவிட்டால் எதிர் ரயிலை எச்சரிக்க, சிவப்புக் கொடியும் தண்டவாளத்தில் வைக்கும் வெடியுமாக ஒருவர் முன்னால் ஓட வேண்டும்.

இதில் மிகவும் அஞ்ச வேண்டியது மனிதப் பதற்றம். எதிர் ரயில் நெருங்கும்போது, 'பாயின்ட்டைத் திருப்ப மறந்துவிட்டோமோ' என்று பதறி, சரியாக இருந்ததையே அதன் முன்னால் திருப்பிவிட்டவர்கள் உண்டு. அதனால்தான் பாயின்ட்டை விட்டு விலகி, பாதையின் எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும் என்ற விதி வந்தது. எளிய விதி, அருமையான விதி.

கேள்வி: யாரும் இறங்காமலே லூப்பிலிருந்து வெளியேற 'ஸ்பிரிங் பாயின்ட்' இருந்ததாமே?

பதில்: ஆம். வெளியேறும் சக்கரங்களே நாக்கைத் தள்ளிக்கொண்டு போகும். ஸ்பிரிங் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். ஒவ்வொரு அச்சுக்கும் நாக்கு அடித்துக்கொள்ளாதபடி எண்ணெய் உருளை அதை மெதுவாக்கும். பாதி ரயில் கடந்த நிலையில் அப்படியே பின்னோக்கி நகர்த்தவே கூடாது. நாக்கு மெயின் லைன் பக்கம் திரும்பியிருக்கும். ஒரு பெட்டி லூப்பிலும் அடுத்தது மெயின் லைனிலுமாகப் பிரிந்து தடம் புரளும். முதலில் கையால் பாயின்ட்டை லூப்புக்குத் திருப்பிவிட்டே நகர்த்த வேண்டும்.