சக்கரமா, கூஸ்பெர்ரியா?

கேள்வி: எனக்கு வயது 26. வேளச்சேரியில் கல்லூரித் தோழியோடு வாடகை வீட்டில் இருக்கிறேன். ஒரு வருடமாக அவள் ஒருவரைக் காதலிக்கிறாள். சினிமா, ஹோட்டல், பீச் என்று எங்கே போனாலும் என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். போன வாரம் மகாபலிபுரத்தில் எதிரே வந்த ஆபீஸ் நண்பர், “என்ன, இன்னிக்கும் தேர்ட் வீலா?” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து அர்த்தம் தேடிப் பார்த்தபிறகு தூக்கமே வரவில்லை. போட்டோ எடுத்துக் கொடுப்பதும், அவர்கள் அலையில் நிற்கும்போது செருப்புக்கும் பைக்கும் காவல் இருப்பதும் நான்தான். (அவள் அம்மா தஞ்சாவூரிலிருந்து போன் செய்தாலும் நான்தான் பேசிச் சமாளிப்பேன்.) நான் வேண்டாதவளா? இனிமேல் போகாமல் நின்றுவிடட்டுமா?
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: அந்த நண்பர் சொன்ன வார்த்தையிலிருந்தே ஆரம்பிப்போம். ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தது அதுதானே? ஆங்கிலத்தில் முதலில் இருந்தது ஐந்தாம் சக்கரம். நாலு சக்கரத்தில் ஓடுகிற குதிரை வண்டிக்கு ஐந்தாவது எதற்கு என்ற கேலி அது. ஜெர்மானியர்கள் இன்றைக்கும் ‘வண்டியின் ஐந்தாம் சக்கரம்’ என்றுதான் சொல்கிறார்கள். ஜோடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவரைச் சொல்லும்போது அதுவே மூன்றாம் சக்கரமாகிவிட்டது. (மூன்றாவது சக்கரம் இல்லாமல் நம் ஆட்டோ எப்படி ஓடும் என்று அந்த நண்பரை நீங்கள் கேட்டிருக்கலாம். இதெல்லாம் நமக்கு மறுநாள் குளிக்கும்போதுதான் தோன்றும்.)

இந்தச் சங்கடத்துக்கு வார்த்தை இல்லாத ஊரே இல்லை போலிருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் ‘மெழுகுவத்தி பிடிப்பது’ என்கிறார்கள். சீனர்களுக்கு அந்த ஆள் ‘மின்சார பல்பு’. இருட்டில் ஒதுங்கிய ஜோடிக்குப் பக்கத்தில் பல்பு எரிந்தால் எப்படி இருக்கும்! இந்தியில் ‘கபாபில் எலும்பு’. நம்மிடம் சிவபூஜையில் புகுந்த கரடி. அந்தக் கரடி மிருகமில்லை, பூஜையில் வாசிக்கும் கரடிகை என்ற வாத்தியம் என்று சொல்பவர்களும் உண்டு. அப்படிப் பார்த்தால் அது புகுந்ததே இல்லை, கூப்பிட்டு வைத்துக்கொண்டது.

நீங்களும் கூப்பிட்டுத்தான் போகிறீர்கள். அதனால் ‘வேண்டாதவளா’ என்ற கேள்வியைவிட, எதற்கு வேண்டியவள் என்ற கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். செருப்பு, பை, போட்டோ எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதிவிட்டு, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டீர்கள். அவள் அம்மாவின் போன். எப்படிச் சமாளிப்பீர்கள் என்று எழுதவில்லை, ஆனால் ஊகிக்க முடிகிறது. “பாத்ரூம் போயிருக்கா ஆன்ட்டி, வந்ததும் பேசச் சொல்றேன்.” அலைச் சத்தம் கேட்டுவிடுமோ என்று போனைக் கையால் பொத்திக்கொண்டு சொல்லியிருப்பீர்கள். அந்த அம்மா உடனே, “நீ கூட இருக்கேல்ல, அப்ப சரிம்மா” என்று வைத்திருப்பார்.

இங்கேதான் இங்கிலாந்துக்காரர்களின் இன்னொரு வார்த்தை உங்களுக்குச் சரியாகப் பொருந்துகிறது. ஜோடியோடு ஒட்டிக்கொண்டு போவதை அவர்கள் ‘கூஸ்பெர்ரி ஆடுவது’ என்பார்கள். 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிற வழக்கு. அந்தக் காலத்தில் நல்ல குடும்பத்துப் பெண் ஒரு ஆணோடு தனியாக வெளியே போக முடியாது. துணைக்கு அத்தையோ அக்காவோ போக வேண்டும். துணைக்குப் போனவர், அவர்கள் இரண்டு வார்த்தை பேசிக்கொள்ளட்டும் என்று முதுகைக் காட்டிக்கொண்டு புதரில் கூஸ்பெர்ரி பறிப்பாராம். அதிலிருந்து வந்தது என்பது பரவலான விளக்கம். கூஸ்பெர்ரி என்றதும் நாம் நெல்லிக்காயை நினைத்துக்கொள்வோம். அது வேறு. இது முள் நிறைந்த குட்டைச் செடியில் காய்ப்பது, பறிக்கிற கைதான் கீறும்.

உங்கள் தோழி உங்களைக் கூப்பிடுவதில் பாசமும் இருக்கலாம், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்குச் சொல்ல ஒரு பெயரும் அவளுக்குத் தேவைப்படுகிறது. அந்தப் பெயர் உங்களுடையது. நாளைக்கு விஷயம் தெரிந்தால் அந்த அம்மா முதலில் போன் போடப்போவது மகளுக்கு இல்லை, உங்களுக்குத்தான். உங்களை நம்பித்தானே சென்னைக்கு அனுப்பியிருக்கிறார்? தூக்கம் வராததற்கு அந்த நண்பரின் கேலி பாதிக் காரணம்தான் என்பது என் சந்தேகம்.

அதற்காகத் தஞ்சாவூருக்கு நீங்களே போன் போட்டுச் சொல்லிவிடாதீர்கள். காதலிப்பது அவள், எப்போது எப்படி வீட்டில் சொல்வது என்பதும் அவள் பாடு. போகாமல் நின்றுவிடுவதிலும் எனக்குச் சம்மதமில்லை. காரணம் சொல்லாமல் விலகினால், ஒரே வீட்டில் இருந்துகொண்டு சமையலறையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பீர்கள்.

அவள் காதலர் இல்லாத நேரத்தில், நீங்கள் இருவர் மட்டும் வீட்டில் இருக்கும்போது பேசுங்கள். “உங்ககூட வர்றதுல எனக்கு ஒண்ணும் இல்லடி. ஆனா இனிமே அம்மா போன் பண்ணா நீயே பேசு. என்கிட்ட கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்.” இவ்வளவு போதும். செருப்புக் கணக்கையெல்லாம் அன்றைக்கே எடுக்க வேண்டாம்.

அப்போது இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள். அவரோடு தனியாகப் போக அவளுக்குத் தயக்கம் ஏதும் இருக்கிறதா என்று. இருந்தால், அவள் உங்களை இழுத்துக்கொண்டு போனதற்கே அர்த்தம் வேறு. அதை நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும்.

அப்படி எதுவும் இல்லையென்றால், அடுத்த இரண்டு மூன்று வாரம் கவனியுங்கள். ‘அம்மா போனை நானே பார்த்துக்கறேன், நீ வா’ என்று கூப்பிட்டால் தாராளமாகப் போங்கள். கூப்பிடுவதே குறைந்துவிட்டால் மனசு வலிக்கும், ஆனால் குழப்பம் இருக்காது. எப்படியானாலும் ஞாயிறு காலை ஒரு வேளை டிபன், நீங்களும் அவளும் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் அப்படித்தானே பழகியிருப்பீர்கள்?

ஆபீஸ் நண்பரை விட்டுவிடுங்கள். மறுபடி மகாபலிபுரம் போனால் மட்டும், தோழியின் போன் உங்கள் பையில் இருக்க வேண்டாம், அவள் கையிலேயே இருக்கட்டும்.