ஜூம் செய்தால் கலங்கும் படம்

அண்ணாச்சி, சாயங்காலம் நெல்லைத் தாமிரபரணிக் கரையிலிருந்து ஜூம் போட்டு எடுத்த குறுக்குத்துறை முருகன் கோயில் படங்கள் கலங்கி வருகின்றன என்றீர்கள். புது கேமரா வாங்க வேண்டாம். தூண், சுவர், ஆட்கள் எல்லாமே ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் கை ஆட்டம்தான். ஆட்கள் மட்டும் கலங்கியிருந்தால் அவர்கள் அசைந்திருக்கிறார்கள்.

ஜூம் கூடக்கூடச் சின்ன ஆட்டமும் பெரிதாகத் தெரியும். பெரும்பாலான சின்ன கேமராக்களில் அப்போது லென்ஸ் வழியாக வரும் வெளிச்சமும் குறையும்; அதை ஈடுகட்ட ஷட்டர் (வெளிச்சத்தை உள்ளே விடும் கதவு) இன்னும் மெதுவாகும், அதாவது கூடுதல் நேரம் திறந்திருக்கும். 35 மி.மீ. கணக்கில் (பழைய ஃபிலிம் கேமரா அளவுக்கு மாற்றிச் சொல்வது) 140 மி.மீ. ஜூம் என்றால், கையில் பிடித்து எடுக்க ஷட்டர் ஏறக்குறைய 1/160 நொடியில் மூட வேண்டும். அதற்கு ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 800க்கு ஏற்றுங்கள், படத்தில் கொஞ்சம் புள்ளி விழுந்தாலும் பரவாயில்லை. ஜூமைக் குறைத்துக் கிட்டே நடந்து போவது அதைவிட நல்லது.

அப்புறம், படித்துறைக் கல்லில் கேமராவை வைத்து 2 நொடி டைமர் போடுங்கள். பட்டனை அமுக்கிய ஆட்டம் அதற்குள் அடங்கிவிடும்.