கேஸ் லைட்டருக்குள் இருக்கும் மின்சாரம் தீர்ந்துபோகுமா?

கேள்வி: என் கேஸ் லைட்டரில் பேட்டரி கிடையாது. இரண்டு ஆண்டுகளாக நன்றாகப் பொறி வந்தது. இப்போது 'டிக்' சத்தம் மட்டும் கேட்கிறது. பல முறை அழுத்தினால்தான் பொறி வருகிறது. உள்ளே இருந்த மின்சாரம் தீர்ந்துவிட்டதா?

பதில்: தீரவில்லை, அதில் மின்சாரம் எதுவும் சேமித்து வைக்கப்படவே இல்லை. ஒவ்வொரு பொறிக்கும் ஆற்றல் தருவது உங்கள் கட்டைவிரல்தான். நீங்கள் அழுத்தும்போது இறுகும் ஸ்பிரிங், ஒரு கட்டத்தில் விடுபட்டு, சிறு சுத்தியலைப் பீங்கான் உருளை ஒன்றின்மீது மோதவைக்கிறது. 'டிக்' என்பது அந்த அடியின் ஓசை.

அந்தப் பீங்கான் பெரும்பாலும் லெட் சிர்க்கோனேட் டைட்டனேட், அதாவது ஈயம், சிர்க்கோனியம், டைட்டானியம், ஆக்சிஜன் ஆகியவை சேர்ந்த பொருள். அதன் மிகச் சிறிய அலகில், ஆறு ஆக்சிஜன் அயனிகள் சூழ்ந்த கூண்டுக்குள், நேர்மின்னூட்டம் கொண்ட டைட்டானியம் அல்லது சிர்க்கோனியம் அயனி ஒன்று நட்டநடுவில் நில்லாமல் சற்றே ஒருபுறம் விலகி நிற்கிறது. இந்த விலகல்கள் கூடியவரை ஒரே திசையை நோக்குமாறு, தயாரிப்பின்போதே வலிய மின்புலத்தில் வைத்துச் சீரமைக்கிறார்கள். அடி விழுந்து கூண்டு நசுங்கும்போது விலகலின் அளவு மாறுகிறது. ஓர் அயனி நகரும் தொலைவு அணுவின் அகலத்தில் மிகச் சிறு பங்குதான். ஆனாலும் எண்ணற்ற கூண்டுகள் ஒருசேர மாறுவதால் உருளையின் இரு முனைகளுக்கிடையே பல ஆயிரம் வோல்ட் எழுகிறது. ஒரு மில்லிமீட்டர் காற்றிடைவெளி ஏறத்தாழ 3,000 வோல்ட் வரைதான் தாங்கும். அதைக் கடந்தால் பொறி பாய்கிறது. உப்புக்கல்லை எவ்வளவு அடித்தாலும் இது நிகழாது. அதன் படிகம் சமச்சீரானது என்பதால் ஒரு பக்கத்து மாற்றத்தை எதிர்ப்பக்கம் ஈடுகட்டிவிடும். குவார்ட்ஸ் முதலிய படிகங்களில் இவ்விளைவை 1880-இல் கண்டறிந்தவர்கள் ஜாக் கியூரியும் பியர் கியூரியும். இது தலைகீழாகவும் நடக்கும்: மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் நெளியும்; கைக்கடிகாரத்தின் குவார்ட்ஸ் நொடிக்கு 32,768 முறை அதிர்வது அப்படித்தான்.

உங்கள் லைட்டரில் 'டிக்' முன்போலவே ஓங்கி ஒலித்தால், நான் முதலில் சந்தேகிப்பது முனையைத்தான். குழாய்க்குள் உற்றுப் பாருங்கள்: நடுவில் ஒரு கம்பி, சுற்றிலும் உலோக விளிம்பு. அங்கே கரியோ எண்ணெய்ப் பிசுக்கோ ஈரமோ படிந்திருந்தால் மின்னூட்டம் பொறியாகப் பாயாமல் அதன் வழியே கசிந்துவிடும். உலர்ந்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, கேஸ் இல்லாத இடத்தில், இருட்டில் அழுத்திப் பாருங்கள். கம்பி வளைந்து இடைவெளி கூடியிருந்தாலும் பொறி தவறும். ஓசையே மந்தமாக இருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். கடுஞ்சூட்டில் அயனிகளின் ஒழுங்கு கலைவதும் உண்டு. ஆனால் பிளாஸ்டிக் கைப்பிடி உருகாத சூட்டில் அது அரிது. துடைத்தும் பயனில்லையெனில் பீங்கானில் விரிசல் விழுந்திருக்கக்கூடும். அதில் ஈயம் கலந்திருப்பதால் உடைத்துப் பார்க்காமல் புதியது வாங்கிவிடுங்கள்.